குடும்பநல மாதுவின் பதிவேடு

1934இல் இலங்கையின் தென்மேற்கில் மழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் கரைபுரண்டு ஓடும் களனி கங்கையும் மகா ஓயாவும் மெலிந்து, மணல்திட்டுகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கின. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. அது சாக்கடையை நாடுவதில்லை. வெயில் படும், ஓட்டமில்லாத, தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் தொடங்கிய காய்ச்சல், அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது 55 இலட்சம்தான்.

மலேரியா இலங்கைக்குப் புதிதல்ல. வன்னியிலும் அநுராதபுரத்திலும் அது வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். அங்கே சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களின் உடல், கிருமியோடு மல்லுக்கட்டப் பழகியிருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேகாலைப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இடதுசாரி இளைஞர்கள் நிவாரண வேலைக்குப் போனபோது, கொயினா மட்டும் போதாது என்பதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கினாலும் பட்டினி கிடந்த உடம்பு எழவில்லை. அவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா பருப்பும் சேர்த்து விநியோகித்தார். 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1936 தேர்தலில் ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

நோய்க்கும் தேர்தலுக்கும் இருந்த இந்தத் தொடர்பை நான் தற்செயலென்று நினைக்கவில்லை. 1931இல் டொனமூர் அரசியல் யாப்பு, 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்திருந்தது. ஆசியாவில் அதுவே முதல். பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவரிடம் கிராமத்துப் பெண்ணும் ஒரு கேள்வி கேட்கலாம் என்றாகிவிட்டது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்ற வரிசையில், கொள்ளைநோய்க்குப் பிறகு ஆஸ்பத்திரி முன்னுக்கு வந்தது. டிஸ்பென்சரிகளும் சிற்றூர் ஆஸ்பத்திரிகளும் பிரசவ விடுதிகளும் எழுந்தன. எந்த இடத்தில் கட்டுவது என்பதை நிபுணர்கள் தீர்மானித்ததைவிட அரசாங்க சபை உறுப்பினர்கள் தீர்மானித்ததே அதிகம். திட்டமிடுபவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளிலிருந்து நாலைந்து கிலோமீற்றருக்குள் ஓர் அரச மருத்துவ நிலையம் என்ற நிலை அந்த இழுபறியில்தான் உருவானது.

கட்டடங்களை விட்டுவிட்டு, இன்னொரு கதைக்கு வருகிறேன். அது சற்று முன்பே, தேயிலைத் தோட்டங்களில் தொடங்குகிறது.

*

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிக்க வந்தார்கள். இந்தப் புழுவின் குஞ்சு, மலம் கலந்த ஈரமண்ணில் வளர்ந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் தெரியாது. நூற்றுக்கணக்கில் இருந்தால் ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்களின் வயிற்றில் அதே புழு. தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் கக்கூஸ் இல்லை. மலம் கழித்த மண்ணில்தான் மறுநாள் நடந்தாக வேண்டும்.

மாத்திரையை மட்டும் நம்பினால் வேலை முடியவே முடியாது என்ற இந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததுதான் 1926 யூலையில் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவிச்சிகள். அவர்களுக்கென்று எல்லை வகுத்த ஒரு நிலப்பரப்பு. அந்த எல்லைக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர்கள் பொறுப்பு. நோயாளிகளுக்கு மட்டுமல்ல, நோயே வராதவர்களுக்கும்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் பெரிய அறிவியல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தன்னிடம் வந்தவர்களை மட்டும்தான் தெரியும். பிரசவ வார்டில் பத்துத் தாய்மார் இறந்தார்கள் என்றால் அது கூடுதலா குறைவா என்று வார்டுக்குள் நின்று சொல்ல முடியாது. ஊரில் மொத்தம் எத்தனை கர்ப்பிணிகள், அவர்களில் வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அந்தப் பத்துக்கு ஒரு பொருள் உண்டு. பின்னத்தில் மேலே நிற்கும் எண்ணை எந்த ஆஸ்பத்திரியும் தரும். கீழே நிற்கும் எண்ணுக்கு யாராவது வீடு வீடாக நடக்க வேண்டும்.

இலங்கையில் அதற்காக நடப்பவர் குடும்பநல மாது. ஊரில் 'மிஸ்ஸி' என்பார்கள். இன்று நாட்டில் 350க்கும் மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஏறத்தாழ 3,000 பேருக்கு, சில இடங்களில் அதைவிடக் கூடுதலானோருக்கு, ஒரு மாது என்று ஒப்படைத்திருக்கிறார்கள். அவருடைய பதிவேட்டில் புதிதாகக் கலியாணமான சோடியின் பெயர் ஏறும். கருத்தரித்தால் எட்டு வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும் என்பது குறிக்கோள். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிறகு தடுப்பூசி, மாதாமாதம் நிறை பார்ப்பது, எடை போதாத பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா.

யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் அந்த வருகை இப்படி நடக்கும்:

"என்ன பிள்ளை, போன மாசம் கிளினிக்குக்கு வரேல்லை?"

"அவர் கடலுக்குப் போட்டார் மிஸ்ஸி. கூட்டிக்கொண்டு வர ஆளில்லை."

"இரும்புக் குளிசை போடுறியோ?"

"ஓம், போடுறன்."

"எத்தினை மிச்சம் கிடக்கு, கொண்டா பாப்பம்."

குளிசைப் பை வரும். மிஸ்ஸி எண்ணுவார். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கும். அதோடு விடமாட்டார்: "தேத்தண்ணியோடை போட்டனீயோ?" தேநீரில் உள்ள தனின், குடலில் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தோடம்பழச் சாறு என்றால் உள்ள இரும்பு நன்றாகவே சேரும். இதையெல்லாம் வைத்திய நிபுணர் கிளினிக்கில் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு முன்னால் நாற்பது பேர் காத்திருந்திருப்பார்கள், பையில் மிச்சம் இருக்கும் குளிசையை அவர் பார்த்திருக்க வழியில்லை.

*

இரும்புக் குளிசைக்கு ஏன் இவ்வளவு அமளி?

பிரசவத்தில் பெண்கள் இறப்பதற்கு முதன்மையான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிள்ளை பிறந்தபின் நிற்காத இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு. கருப்பை சுருங்க மறுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பெண் இரத்தம் வடிந்து இறந்துவிடலாம். நல்ல உடம்பு ஓரளவு இழப்பைத் தாங்கும். ஏற்கெனவே இரத்தசோகையால் வெளிறிய உடம்புக்கு அதில் பாதி இழப்பே போதும். கொக்கிப்புழுவும் மலேரியாவும் அந்த வெளிறலை ஏற்படுத்துபவை. கர்ப்பிணிக்கு மலேரியா கண்டால் கிருமி தொப்புள்கொடியின் மறுமுனையில் உள்ள நஞ்சுக்கொடிக்குள் குடியேறும். தாய்க்கு இரத்தம் குறையும், பிள்ளை எடை குறைந்து பிறக்கும். ஆகவே வலி எடுத்த பிறகு டொக்டரிடம் ஓடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஆறேழு மாதம் முன்பே, குளிசைப் பையில் நடக்கிறது.

1930களில் இலங்கையில் உயிரோடு பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 500 ஆனது. 1990களில் நூறுக்குக் கீழே வந்தது. அண்மைக் காலத்தில் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே நிற்கிறது. இவ்வளவும் நாடு ஏழையாக இருந்தபோதே நடந்தது. முதல் கட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே, பயிற்சி பெற்ற மருத்துவிச்சியின் கையில் பிறந்தார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் பிறகுதான் பரவலானது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். மாது இப்போது பிள்ளைப்பேறு பார்ப்பதில்லை. ஆனால் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை.

தாய்மார் இறப்போடு நாட்டின் மொத்த இறப்பு வீதமும் சரிந்தது. அந்தச் சரிவின் புகழை உலகப் பாடநூல்கள் நெடுங்காலம் டிடிடி மருந்துக்கே கொடுத்துவந்தன. ஆயிரம் பேருக்கு இருபது அளவில் இருந்த இறப்பு வீதம், வீடுகளுக்குள் டிடிடி அடிக்கத் தொடங்கியதும் 1946க்கும் 1947க்கும் இடையே பதினான்குக்கு இறங்கியது உண்மைதான். ஒரே ஆண்டில் அப்படி ஓர் இறக்கத்தை வேறெங்கும் காண்பது அரிது. ஆனால் மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு அதே காலத்தில் குறைந்தது. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்திருந்தன, போர்க்கால உணவுப் பங்கீடு இருந்தது, ஆஸ்பத்திரிகள் பெருகியிருந்தன. டிடிடியின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் பல்லாண்டு சண்டை பிடித்தார்கள். நுளம்பு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வது நியாயம்.

நுளம்பின் பின்கதை இன்னும் சுவையானது. 1963இல் நாடு முழுவதும் மலேரியா கண்டவர்கள் 17 பேர். அவ்வளவுதான் என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், தேடிப் பார்ப்பதும் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தார்கள். இரண்டாவது தடவை அந்தத் தவறு நடக்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்று கொடுத்தது. அதற்குப் பிறகும், வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரையும் தேடிப் போகிறார்கள். மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு தென்பட்டிருக்கிறது. சென்னைவாசிகளுக்கு அது பழைய ஆள்: கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்வது. ஆற்றுக்குட்டை வற்றினால் போய்விடும் வகை அல்ல.

*

ஒரு தாய் இறந்தால் இலங்கையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பணக்கார நாடுகளிலும் இது இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. இறந்த செய்தி உடனே சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கொழும்புக்கும் போகும். மாதும் அதிகாரியும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் கேட்பார்கள். ஆஸ்பத்திரி தன் பங்குக்கு ஒரு விசாரணை வைக்கும். பிறகு மாவட்ட மட்டம், தேசிய மட்டம். யாரையும் தண்டிப்பது நோக்கமல்ல. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக்கூடாது என்பது விதி. கேள்விகள் மூன்று. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எப்போது முடிவெடுத்தார்கள்? போய்ச் சேர எவ்வளவு நேரமாயிற்று? சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று? ஒரு மரணத்தில் பெரும்பாலும் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிழை இருக்கும். இரத்தம் இருப்பில் இல்லை, அம்புலன்ஸ் வேறெங்கோ போய்விட்டது, ஞாயிறு இரவில் மயக்க மருந்து டொக்டர் இல்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவில் எந்த ஆஸ்பத்திரிக்கு இரத்த வங்கி என்று பேசும்போது இந்தக் கோப்புகள் மேசையில் இருக்கும்.

இறப்பை எண்ணுவதால் வந்த இன்னொரு பலனையும் சேர்த்துச் சொல்கிறேன். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்தத் தற்கொலைகளில் பெரும்பங்கு விவசாய மருந்துகளால். மிகக் கொடிய மருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள், பராகுவாட் என்ற களைகொல்லி உட்பட. அடுத்த இருபது ஆண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை மட்டும் குறையவில்லை. அதாவது மனவேதனை குறையவில்லை; அந்தக் கணத்தில் கைக்கெட்டியது ஆளைக் கொல்லாததாக மாறியிருந்தது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி முயல்வதில்லை. இதற்குப் புதிதாக ஒரு கட்டில்கூடப் போடவில்லை.

*

பதிவேடு எட்டாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் அதே தீவில் சான்று உண்டு. மலையகம்.

தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சட்டப்படி தோட்டத்துரையின் பொறுப்பாக இருந்தது. தமிழகத்திலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, அனுப்பினார்கள். தோட்டத்துக்குள் ஒரு டிஸ்பென்சரி, ஒரு 'டொக்டரய்யா', தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்ல ஒரு பிள்ளை மடுவம். தேசிய சுகாதார சேவை தோட்டத்து எல்லைக்கு வெளியே நின்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்கும் போயிற்று. ஆஸ்பத்திரி கேட்டு வாக்கை விலை பேசும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமல் போனது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு டிஸ்பென்சரி வந்த அதே ஆண்டுகளில் லயத்துக்கு எதுவும் வரவில்லை.

விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். 1973–74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, அரசு பங்கீட்டை வெட்டியபோது, சொந்தத் தோட்டந்துரவு இல்லாத, வாங்கும் மாவையே நம்பியிருந்த லயக் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன. 1974இல் தோட்டங்களில் குழந்தை இறப்பு வீதம் நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 'மலிவான செலவில் நல்ல ஆரோக்கியம்' என்று 1985இல் ரொக்பெல்லர் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை சீனா, கொஸ்டாரிக்கா, கேரளம், இலங்கை என்று நான்கு இடங்களைப் பாராட்டியது. சராசரி எண்ணுக்குள் லயம் மறைந்து போனது. குடியுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர 2003 வரை ஆயிற்று. அரச சேவை மெல்ல மெல்ல உள்ளே வந்து, இறப்பு வீதம் இப்போது நாட்டுச் சராசரியைப் பெருமளவு நெருங்கிவிட்டது. உயரம் நெருங்கவில்லை: 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் 32. கிளினிக் நாளில் போனால் அன்றைய நாட்கூலி போய்விடும் என்ற கணக்கும், தமிழ் பேசும் மாதுமாரின் தட்டுப்பாடும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

வடக்கின் கதை வேறு. யுத்தம் நடந்த ஆண்டுகளிலும் பதிவேடு எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க இணங்கிய தருணங்கள் உண்டு. 1993க்குப் பிறகு நாட்டில் போலியோ இல்லை.

*

இனி ஆஸ்பத்திரிக்குள் போவோம். அதிகாலையிலேயே வெளிநோயாளர் பிரிவின் வாசலில் சனம் நிற்கும். இலக்கம் எழுதிய துண்டு, வாங்கில் நெருக்கியடித்து இருத்தல், டொக்டரிடம் இரண்டு மூன்று நிமிடம், பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை, கடதாசிப் பையில் குளிசை. காசு ஒரு சதமும் இல்லை. வருமானச் சான்றிதழ், காப்பீட்டு அட்டை, ஏழை என்று நிரூபிக்கும் கடிதம் எதுவும் கேட்கமாட்டார்கள். பென்ஸ் காரில் வந்து இறங்குகிறவரும் அந்த வாங்கில் இருக்கலாம்.

ஆனால் அவர் இருக்கமாட்டார். மாலையில் அதே வைத்திய நிபுணரைத் தனியார் ஆஸ்பத்திரியில் 'சனல்' பண்ணிப் பார்த்துவிடுவார். அரச டொக்டர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்கலாம் என்ற அனுமதி 1977இலிருந்து உண்டு. இன்று வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழ பாதி தனியாரிடம் நடக்கிறது. கட்டிலில் படுத்துப் பெறும் சிகிச்சையில் பத்தில் ஒன்பது பங்கு அரசிடம். காய்ச்சல், இருமலுக்குக் கையிலிருந்து கொடுப்பார்கள், சத்திரசிகிச்சைக்கு அரச ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். குடும்பத்தைக் கடனில் தள்ளும் பெரிய செலவு அரசின் தலையில், தாங்கக்கூடிய சின்னச் செலவு வசதியானவரின் பையில். ஏழையைத் தேடிப் பிடிக்க அலுவலகம் வைக்காமலே, அரசுப் பணத்தில் ஏழைக்கு நியாயமான பங்கு போகிறது. ரவி ரன்னன்-எலிய போன்ற சுகாதாரப் பொருளியலாளர்கள் இதை நெடுநாளாக எடுத்துக்காட்டி வருகிறார்கள். நோயாளிக்கு வசதி குறைவு, மருத்துவத்தின் தரம் அவ்வளவு மோசமில்லை. அந்த வசதிக்குறைவே வசதியானவரை வெளியே அனுப்பும் சல்லடை. மொத்தச் சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் நாலு சதவீதத்தைச் சுற்றியே இருந்துவந்திருக்கிறது. அமெரிக்காவில் அது பதினேழு.

இதை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்தார்கள். கூட்டம் சட்டென்று குறைந்தது, 1977இல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 25 சதத்தால் நின்றுபோனவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

சல்லடைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. வசதியானவர் வரிசையில் நிற்காதபோது, வரிசையைச் சரிசெய்யச் சொல்லும் உரத்த குரலும் அங்கே இருப்பதில்லை. மருந்து தீர்ந்துவிட்டால் "வெளியிலை வாங்குங்கோ" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள். இதற்கு விடை தேடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவருடைய யோசனையில் 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 ஆகக் குறைத்து, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரினார்கள். 1977இல் அவர் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்ததும் அந்த ஆண்டில்தான். அவர் வகுத்த ஒழுங்கு பிறகு தளர்ந்தது. 2022இல் டொலர் தீர்ந்தபோது, மருந்தில் பெரும்பங்கை இறக்குமதி செய்யும் நாடு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டொக்டர்களும் நூற்றுக்கணக்கில் நாட்டைவிட்டுப் போனார்கள்.

*

இன்று இலங்கையில் இறப்பவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் மாரடைப்பு, பக்கவாதம், சீனி வருத்தம், புற்றுநோய் போன்றவற்றால் இறக்கிறார்கள். மாதுவின் பதிவேட்டைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். சோடிகள் உண்டு, கர்ப்பிணிகள் உண்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உண்டு. ஐம்பது வயது ஆணுக்கு அதில் பத்தி இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருப்பது அவருக்கே தெரியாது, ஏனென்றால் எதுவும் வலிக்கவில்லை. 2011 முதல் சுகவாழ்வு நிலையங்கள் என்று திறந்து, நாற்பதை எட்டியவர்களை வந்து சோதிக்கச் சொன்னார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கிளினிக்குக்குப் போகும் பழக்கம் அவர்களுக்கு முதல் கர்ப்பத்திலேயே வந்துவிட்டது. ஆண்கள் வேலை நேரத்தில் வரவில்லை. சில இடங்களில் மாலையிலும் வேலைத்தளங்களிலும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

கர்ப்பம் பத்து மாதத்தில் முடியும், சீனி வருத்தம் முப்பது ஆண்டு நீளும். அதற்கு ஒரே டொக்டர், ஒரே கோப்பு, மாதாமாதம் தவறாத மருந்து வேண்டும். இலங்கையில் யாரும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்ற சுதந்திரம் இங்கேதான் உதைக்கிறது. பக்கத்தில் சின்ன ஆஸ்பத்திரி இருக்க, கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பஸ் ஏறுகிறார். அங்கே ஒவ்வொரு தடவையும் வேறு டொக்டர். சின்ன ஆஸ்பத்திரிகளை ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு கொத்தாக இணைத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒன்றில் பதிந்து வைப்பது என்று 2018இல் கொள்கை வகுத்தார்கள். களுத்துறையில் 1926இல் செய்த அதே காரியம், இம்முறை எல்லா வயதுக்கும். ஆனால் கர்ப்பிணியைப் பதிய மாது கதவைத் தட்டினார். இந்தப் பதிவுக்கு ஆளே நடந்து வர வேண்டியிருக்கிறது. அவர் வருவதும் வராததும் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் மருந்துச் சாளரத்தில் சீனி வருத்தத்துக்கான மெட்போர்மின் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒருமுறை இல்லையென்று திரும்பியவர், அடுத்த மாதம் யாழ்ப்பாணம் பஸ்ஸில் இருப்பார்.